தனக்குத்தானே குடிக்கூலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷம், பம்பாயில் சொந்த வீடு வைத்திருக்கும் ஏழைகளுக்கு வீட்டுவரியைத் தள்ளுபடி செய்வதென்று வரி ஆபீஸில் முடிவாயிற்று. சொந்த வீடு வைத்திருப்பவன் ஏழையாக இருக்க முடியுமா என்று ஆபீஸிலேயே சிலருக்குச் சந்தேகம். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க மாட்டுங்காவில் ஒரு மாடியைப் பிடித்து, பதினோரு பேரை நியமித்து, 'எளிய வீட்டுக்காரர் சலுகைப் பிரிவு' என்று போர்டு மாட்டினார்கள். பதினோரு பேருக்கும் நாற்காலி வந்துசேர ஆறு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு மனு வாங்க ஆரம்பித்தார்கள்.

தாராவியில் கணேசபாண்டியன் அப்போது உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தார். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் அவர் லிஃப்ட்மேன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. மனைவி பேராச்சியின் சங்கிலியை விற்று லேபர் கேம்ப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்றரை அறை வீடு வாங்கியிருந்தார். ஒரு அறைக்கு ஓடு, அரை அறைக்குத் தகரம். பதினாலு வருஷமாக ஒழுங்காக வரி கட்டிவந்தவருக்கு அந்த வருஷம் இரண்டு மடங்கு கேட்டு நோட்டீஸ் வந்தது. சந்து முனையில் குழாய் போட்டதால் வீட்டுக்கு வசதி கூடிவிட்டதாம். வசதி கூடியதால் வரியும் கூடிவிட்டதாம். குழாயில் தண்ணீரே வரவில்லை என்று அவர் போய்ச் சொன்னபோது, அது வேறு இலாகா என்றார்கள்.

சலுகையைப் பற்றிச் சொன்னவர் பக்கத்து வீட்டு முகைதீன். தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கொழும்பில் ஏழு வருஷம் இருந்ததால் இங்கிலீஷில் கடிதம் எழுத வரும். சந்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"பாண்டியண்ணாச்சி, மாசம் நூறு ரூவாய்க்குக் கீழ சம்பளம்னா வரியே கிடையாதாம். உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. போய்ப் பாருங்க" என்றார்.

கணேசபாண்டியன் ஒருநாள் லீவு போட்டு மாட்டுங்கா போனார். நல்ல சட்டை என்று அவரிடம் இருந்தது கம்பெனி யூனிஃபாரம் ஒன்றுதான். பித்தளைப் பொத்தான்களைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

அங்கே தலைமை குமாஸ்தா அனந்தநாராயணன். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்; சாந்தமான மனிதர். ஏழைகளிடம் அவருக்கு நிஜமான பரிவு உண்டு. அதனால்தான் யாரையும் அவசரப்பட்டு ஏழை என்று சொல்லிவிட மாட்டார்.

"உக்காருங்கோ. மாசச் சம்பளம் என்ன?"

"தொண்ணூத்திரெண்டு ரூவா, சார்."

"நூறுக்குள்ள. பேஷ். வீட்டு வாடகை எவ்வளவு வரது?"

"வாடகைக்கு விடலியே சார். நாங்கதான் குடியிருக்கோம்."

"அதான் கேக்கறேன். நீங்க உங்களுக்கு எவ்வளவு குடுக்கறேள்?"

வெளியே ரயில் போய்க்கொண்டிருந்ததால் தன் காதில்தான் தப்பாக விழுந்தது என்று கணேசபாண்டியன் நினைத்தார். ரயில் போன பிறகு அனந்தநாராயணன் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பிறகு ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு வீடுன்னு இருந்தா அதுக்கு ஒரு வாடகை உண்டு. உங்க வீட்டுக்கு மாசம் பன்னண்டு ரூபாய்னு எங்க ரிஜிஸ்தர்ல இருக்கு. அந்தப் பன்னண்டைக் குடித்தனக்காரர் உங்களுக்குத் தரணும். சம்பளம் தொண்ணூத்திரண்டு, வாடகை பன்னண்டு, ஆக நூத்திநாலு. நாலு ரூபாயில தப்பிப் போயிடறதே! எனக்கே கஷ்டமா இருக்கு."

"சார், குடித்தனக்காரரும் நான்தானே?"

"இருக்கட்டுமே. அதுக்காக அவர்கிட்ட வாடகை வாங்காம விட்டா, அது உங்க தாராள மனசு. தாராளமா இருக்கறவரை நான் எப்படி ஏழைன்னு எழுதறது?"

"நான் ஒரு பைசா வாங்கலியே."

அனந்தநாராயணன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்கோ! வாடகை வரலைன்னா அந்தப் பன்னண்டைக் கழிச்சுடலாம். ரூல் இருக்கு. ஆனா குடித்தனக்காரர் தரலைங்கறதுக்கு ஆதாரம் வேணும். அவருக்கு ஒரு ரிஜிஸ்தர் நோட்டீஸ் அனுப்பிடுங்கோ."

அன்று சாயங்காலம் முகைதீன் தன் பட்டறையில் உட்கார்ந்து நோட்டீஸை எழுதினார். எழுதி முடித்துத் தமிழில் படித்துக் காட்டினார். பொறுப்பில்லாதவரும் நாணயமற்றவருமான தாங்கள், பதினாலு வருஷமாக ஒரு நல்ல மனிதரின் வீட்டில் குடிக்கூலி கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு வெட்கப்பட வேண்டும் என்று ஆரம்பித்தது.

உள்ளே வந்த பேராச்சி கேட்டாள். "யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுதீய?"

"என்னையத்தான்" என்றார் கணேசபாண்டியன். அவருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. "கொஞ்சம் மரியாதயா எழுதப்படாதா பாய்?"

"மரியாதயா எழுதினா ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள ஏதோ சிநேகம்னு ஆபீஸ்ல சந்தேகப்படுவான், அண்ணாச்சி."

நோட்டீஸ் தபாலில் போயிற்று. இரண்டு நாள் கழித்து அதே வீட்டுக்கு வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க ஒருநாள் லீவு. வாங்கியதற்கு அடையாளமாக வரும் கார்டை வாங்க இன்னொரு நாள் லீவு. தபால்காரர் இரண்டு தரமும் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி வைத்தார் அனந்தநாராயணன். குடித்தனக்காரரின் பதில் எங்கே என்றார். பதிலும் எழுதினார்கள். நான் வாங்குகிற சம்பளத்தில் என்னால் குடிக்கூலி கொடுக்க முடியாது, நானும் ஏழைதான் என்று கணேசபாண்டியன் கணேசபாண்டியனுக்கு எழுதினார்.

"குடித்தனக்காரர் ஏழைங்கறது நமக்கு வேண்டாத விஷயம். இது வீட்டுக்காரர்களுக்கான திட்டம்" என்றார் அனந்தநாராயணன். இருந்தாலும் அதையும் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வந்தார். ரத்னகிரிக்காரர்; குடையைக் கையிலிருந்து இறக்காதவர். தாராவியில் பல வருஷம் சுற்றியதால் உடைந்த தமிழ் பேசுவார். கணேசபாண்டியன் அப்போதுதான் டியூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடு வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் பித்தளைப் பொத்தான்களைக் குனிந்து எண்ணிவிட்டு, 'வீட்டுக்காரர்: மிடுக்கான தோற்றம்' என்று எழுதிக்கொண்டார்.

"குடித்தன்காரன் கிதர்?"

"நான்தான் சாப்."

"நீ வீட்டுக்காரன். அவன் எங்கே?"

"அதுவும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. எனக்குத் தெரியும் என்றார். ஆனால் படிவத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக இடம் விட்டிருக்கிறது. ஒரே சமயத்தில் ஒருவரைத்தான் விசாரிக்க முடியும். 'குடித்தனக்காரர்: வெளியே போயிருக்கிறார்' என்று எழுதி, அவர் வந்ததும் மறுநாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லும்படி கணேசபாண்டியனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கணேசபாண்டியன் கிழிந்த பனியனும் லுங்கியுமாகக் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் நிலையைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். "உன் மாலிக், அந்த வீட்டுக்காரன், நல்ல ஆள் இல்லே. இப்படி இருக்கற மனுஷனுக்கு ரிஜிஸ்தர் நோட்டீஸ் குடுக்கறான். அவன் கோட்டு பார்த்தியா, பித்தளை பட்டன்!" என்றார். ஆமாம் சாப் என்றார் கணேசபாண்டியன். சொன்ன பிறகு, தன்னைப் பற்றித் தானே புறம் பேசிவிட்டது போல மனசுக்குள் உறுத்தியது.

போகும்போது இன்ஸ்பெக்டர் அடுப்படியில் இருந்த பேராச்சியைப் பார்த்துக் கேட்டார். "பாயி, நீ யார் பொண்டாட்டி? வீட்டுக்காரன் பொண்டாட்டியா, குடித்தன்காரன் பொண்டாட்டியா?"

பேராச்சி எழுந்து மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

"இன்னொருக்கக் கேளு."

அவர் இன்னொருமுறை கேட்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார். அந்த ஓர் இடம் காலியாக இருந்ததால் ஃபைல் எட்டு மாதம் நகரவில்லை. கடைசியில் அனந்தநாராயணனே தன் பொறுப்பில், 'இரு தரப்புக்கும் வேண்டியவர்' என்று எழுதிப் பூர்த்தி செய்தார்.

மறு வருஷம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். கணேசபாண்டியனை மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பேராச்சியும் மகள் செண்பகமும் முன் வரிசையில் இருந்தார்கள். ஆபீஸின் பெரிய அதிகாரி இங்கிலீஷில் பேச, அனந்தநாராயணன் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார்.

"சென்ற வருஷம் நாலாயிரத்து இருநூறு பேர் தங்களை ஏழை என்று சொல்லிக்கொண்டு மனு கொடுத்தார்கள். நாங்கள் ஒவ்வொருவரையும் தீர விசாரித்தோம். அவர்களில் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஏழைகள் இல்லை என்று நிரூபித்துவிட்டோம். ஒரே வருஷத்தில் இத்தனை பேரை வறுமையிலிருந்து மீட்ட ஆபீஸ் இந்த தேசத்தில் வேறு உண்டா?"

கை தட்டினார்கள்.

"திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பைசாவும் வீணாகவில்லை. சலுகைக்காக முப்பத்தாறு ரூபாய் போயிற்று. மற்றது முழுவதும் நிர்வாகத்துக்கே பயன்பட்டது. ஒருவர்கூட ஏழை இல்லை என்று திட்டத்தை மூடிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஏழையாவது கிடைத்தால்தான் அடுத்த வருஷம் பதினோரு பேரும் இந்த இடத்தில் இருக்க முடியும் என்று எடுத்துச் சொன்னேன். இதோ, கிடைத்துவிட்டார்! இவரை நாம் கைவிட மாட்டோம்."

கடைசி வாக்கியத்தை அனந்தநாராயணன் தமிழில் இரண்டு தரம் சொன்னார்.

கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கீழே சொல்லப்பட்டவர் ஏழை என்று இங்கிலீஷிலும் மராத்தியிலும் இருந்தது. மதறாஸிக்காரர்கள் பேட்டை என்பதால் தமிழிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தெருக் கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும், எடுத்தால் சலுகை ரத்து.

கணேசபாண்டியன் மாட்டினார். பத்து நாள் கழித்துச் செம்பூரிலிருந்து செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது படித்தார்கள். காப்பி குடித்தார்கள். பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். பிறகு அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. சிவப்பு மையில் அடித்திருந்தது. முகைதீன் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, இது வீட்டுக்காரருக்கு இல்ல. குடித்தனக்காரருக்கு. இனிமே மாசா மாசம் பன்னண்டு ரூவாயை அவங்க ஆபீஸ்ல நேரா கட்டணுமாம். கட்டாட்டா குடித்தனக்காரரை வெளியேத்தி வீட்டுக்குச் சீல் வப்பாங்களாம்."

"எதுக்காம்?"

"நாணயமில்லாத குடித்தனக்காரர்கிட்ட இருந்து ஏழை வீட்டுக்காரரைக் காப்பாத்துறதுக்காம்."

கணேசபாண்டியன் மறுநாளே ஓடினார். அனந்தநாராயணன் எழுந்து நின்று வரவேற்றார். அவரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவில் எல்லோரும் சோறு தின்பது இவரால்தான்.

"சார், வரி வருஷத்துக்கு முப்பத்தாறு. வாடகை வருஷத்துக்கு நூத்தி நாப்பத்திநாலு. நான் எங்கிட்டு சார் போவேன்?"

"நீங்க ஏன் பதட்டப்படறேள்? அந்தப் பணம் உங்களுதுதான். உங்க பேர்ல பத்திரமா டெபாசிட்ல இருக்கும்."

"அப்ப எனக்கே குடுத்திருங்க சார்."

"குடுத்தா உங்க வருமானம் நூத்திநாலு ஆயிடுமே! ஏழைங்கறது போயிடுமே! உங்க ஏழ்மையைக் காப்பாத்தறதுக்காகத்தான் நாங்க வச்சுண்டிருக்கோம்."

"குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

"சொல்லுங்கோ. அவர் போனா வீடு காலி. காலி வீட்டுக்குச் சலுகை கிடையாது. காலியா வச்சிருக்கறதுக்கு அபராதம் வேற. நீங்களும் அங்கே இருக்க முடியாது. இருந்தா வீடு எப்படிக் காலி?"

கணேசபாண்டியன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சலுகையே வேண்டாம் சார். வரியை ரெண்டு மடங்காவே கட்டிருதேன். எழுதிக் குடுக்கேன். விட்டிருங்க."

அனந்தநாராயணன் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "ஒருத்தரை ஏழைன்னு சர்க்கார் ஒத்துண்டாச்சுன்னா, அவரா வேண்டாம்னு சொல்ல முடியாது, பாண்டியன். வசதி வந்துடுத்துன்னு ஆதாரம் காட்டணும். உங்ககிட்ட இருக்கா?"

இல்லை.

அன்று அவர் ஃபோர்ட்டுக்குப் போகாமல் தாதர் வரைக்கும் நடந்தார், திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து பேராச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அரிசி புடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"நம்ம வீட்ல நாம வாடகைக்கு இருக்கோம். அப்படித்தான?"

"அப்படித்தான் வருது."

"எஞ் சங்கிலிய வித்து வாங்கின வீடு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறு வாரத்திலிருந்து அவள் கிங் சர்க்கிள் பக்கம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதில் வந்ததை அப்படியே கொண்டுபோய் ஆபீஸ் ஜன்னலில் கட்டினார்கள். அவள் சம்பாத்தியம் தெரிந்தால் வருமானம் கூடிவிடும், ஒளித்தால் குற்றம். தெரியாதது மாதிரி அனந்தநாராயணன் பார்த்துக்கொண்டார். அவருடைய பரிவில் அது ஒன்றுதான் யாருக்காவது பயன்பட்டது.

அறுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகலில் அரை அறைத் தகரம் காற்றில் தூக்கிக்கொண்டது. வாடகை வாங்குகிறவர்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஆபீஸுக்கு எழுதிப் பார்த்தார். ரிப்பேர் வீட்டுக்காரரின் கடமை, அவர் ஏழையானதால் வற்புறுத்த இயலாது, குடித்தனக்காரர் பொறுத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. கணேசபாண்டியன் அரை நாள் லீவு போட்டு, முகைதீனிடம் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு கூரையில் ஏறினார்.

பாதி விரித்திருப்பார். கீழே குடை ஒன்று வந்து நின்றது. மாதம் ஒருமுறை குடித்தனக்காரர் ஓடிப்போய்விடவில்லையே என்று பார்க்க வரும் இன்ஸ்பெக்டர்தான்.

"மேலே யாரு? மாலிக்கா, குடித்தன்காரனா?"

கணேசபாண்டியனுக்கு மழைத்தண்ணீர் கண்ணில் வழிந்தது. "எது சொன்னா சாப் வேலைய முடிக்க விடுவீங்க?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். வீட்டுக்காரர் என்றால், குடித்தனக்காரர் அனுமதியில்லாமல் கூரையில் ஏறக்கூடாது. குடித்தனக்காரர் என்றால், வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் கட்டடத்தில் கை வைக்கக்கூடாது. எப்படியும் ஒரு சம்மதக் கடிதம் வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும் என்றார். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் தன்னிடமிருந்தே ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து ஏணி வழியாக மேலே நீட்டினார்.

உள்ளே பேராச்சியும் செண்பகமும் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. கணேசபாண்டியன் கூரை மேல் குந்தி உட்கார்ந்து, தார்ப்பாயின் ஒரு நுனியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, சம்மதம் என்று இரண்டு வரி எழுதினார். கீழே இரண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் குடைக்கடியில் வைத்துப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஒரே ஆள் போட்டது. இது போர்ஜரி கேஸ் ஆகும், பாண்டியன். ஆறு மாசம் உள்ளே. நான் பார்க்காத மாதிரி திருப்பித் தரேன். ஒழுங்கா வாங்கிக் குடு."

காகிதம் மறுபடி ஏணியில் மேலே வந்தது. கணேசபாண்டியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கையெழுத்தை அடித்தார். பேனாவை இடது கைக்கு மாற்றினார். சின்னப்பிள்ளை எழுதுவது போல ஓர் எழுத்து மேலும் ஓர் எழுத்து கீழுமாக, நாலு எழுத்தில் மூச்சு வாங்கி, ஒரு பெயரை எழுதி முடித்தார்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதுதான் குடித்தன்காரன் கையெழுத்து. பாவம், படிக்காத ஆள்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்து முனையைத் தாண்டிப் போனார்.

திங்கட்கிழமை காலை கம்பெனியில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். கணேசபாண்டியன் பேனாவை வாங்கினார். வலது கையில் வைத்துக்கொண்டார். இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கைக்கு மாற்றினார். அவருக்குப் பின்னால் பியூன்களும் காவல்காரர்களுமாக வரிசை நீண்டுகொண்டே போனது.

"முன்னால யாருப்பா நிக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கணேசபாண்டியன் திரும்பிப் பார்த்தார். பேனாவை மறுபடி இடது கைக்கு மாற்றினார்.